டன்னலும் நிலநடுக்கமும்: டிசைன்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணுக்குள்ள இருக்கிற டன்னலுக்கு நிலநடுக்கம் ஒண்ணும் பண்ணாதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. மேல இருக்கிற கட்டடங்களோட பார்த்தா அடி கம்மிதான், அது உண்மை. ஆனா 1995 ஜனவரி 17 காலைல 5:46-க்கு ஜப்பான்ல கோபே குலுங்கினப்போ டைகாய் மெட்ரோ ஸ்டேஷன்ல நடுத்தூண்கள் 30-க்கும் மேல நொறுங்கி, கூரை ஸ்லாப் இறங்கி, அதுக்கு மேல இருந்த ரோடு ரெண்டரை மீட்டர் அளவுக்கு உள்வாங்கிடுச்சு. 1960-கள்ல தோண்டி கட்டி மூடின கான்கிரீட் பெட்டி அது, கட்டும்போது நிலநடுக்கத்தை கணக்குலயே எடுக்கல.

முதல் தப்பு, டன்னலை கட்டடம் மாதிரி நினைக்கிறது. கட்டடம் தன்னோட எடையால ஆடும், அதனால நாம விசையை கணக்கு போடுறோம். டன்னலை சுத்தி மண்ணு பிடிச்சிருக்கு, மண்ணு எப்படி நெளியுதோ அதோட சேர்ந்துதான் அதுவும் நெளியும், பெட்டி வடிவம்னா மேல்தளமும் கீழ்தளமும் எதிரெதிரா நகர்ந்து சாய்ஞ்சு போகும், வட்டமா இருந்தா முட்டை மாதிரி நசுங்கும். அப்போ கேக்க வேண்டியது எவ்வளவு விசைன்னு இல்ல, மண்ணு எவ்வளவு நெளியுதுன்னுதான்.

இங்கதான் ரொம்ப பேர் சறுக்குற இடம் வருது, மண்ணு அடுக்கு அடுக்கா இருக்கும்போது எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுத்துடுறாங்க. மண்ணோட நெளிவை தோராயமா பார்க்கணும்னா, நில அதிர்வு வேகத்தை (குலுங்கும்போது நிலம் முன்னும் பின்னும் நகர்ற வேகம்) அந்த மண்ணுல ஷியர் வேவ், அதாவது மண்ணை பக்கவாட்டுல ஆட்டிக்கிட்டு போற அலை, போற வேகத்தால வகுக்கணும். அதிர்வு வேகம் செகண்டுக்கு 0.5 மீட்டர்னு வைங்க, மண்ணுல அலை வேகம் சராசரியா செகண்டுக்கு 300 மீட்டர்னு போட்டா நெளிவு 0.17 சதவீதம், 7 மீட்டர் உயர பெட்டிக்கு மேல்தளம் கீழ்தளத்தை விட 12 மில்லிமீட்டர் நகரும். ஆனா பெட்டி உட்கார்ந்திருக்கிறது அலை வேகம் செகண்டுக்கு 150 மீட்டர் மட்டுமே உள்ள இளகின களிமண்ணுலன்னா அது 23 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட டபுள்! அதோட இளகின லேயரும் கெட்டியான லேயரும் சேர்ற இடத்துல நெளிவு பட்டுனு மாறும், டன்னல் அந்த எல்லையை தாண்டிப் போச்சுன்னா அங்க ஜாயிண்ட் வளைஞ்சு கொடுக்கிற மாதிரி இருக்கணும். ஸ்டேஷனும் டன்னலும் சேர்ற இடத்துக்கும் இதே கதைதான்.

அடுத்து, பயம் வந்தா சுவரை தடியாக்குறது. தடிமன் ரெண்டு மடங்கானா வளைவை எதிர்க்கிற விறைப்பு 8 மடங்கு ஆகுது, மண்ணு நெளிஞ்சே தீரும்கிறப்போ விறைப்பான சுவர் இன்னும் அதிக விசையை தன் மேல இழுத்துக்கும். உடையாம வளையிற தன்மைதான் வேணும். டைகாய் தூண்கள்ல நெடுக்கு கம்பி இருந்துச்சு, சுத்தி கட்டுற ரிங் கம்பிதான் ரொம்ப தள்ளித் தள்ளி. மேல கிட்டத்தட்ட 5 மீட்டர் மண்ணோட பாரம் வேற, பக்கவாட்டுல வெட்டுப்பட்ட தூணால அதை தாங்க முடியல. நடுத்தூணுக்கு ரிங் கம்பி நெருக்கமா வைக்கிறதுல கஞ்சத்தனமே கூடாதுங்க, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

கடைசியா, தண்ணி ஊறின தளர்வான மணல். குலுக்கல்ல அது கூழாயிடும், தான் இடம்பிடிச்ச மண்ணை விட டன்னல் எடை கம்மி, அதனால மேல மிதந்து வரும். 2004 அக்டோபர்ல ஜப்பான்ல நீகாட்டா பக்கம் வந்த நிலநடுக்கத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேன்ஹோல் ரோட்டுக்கு மேல எழும்பி நின்னுச்சு, சிலது ஒரு மீட்டருக்கும் மேல. இதுல கவனிக்க வேண்டியது, பல இடத்துல அசல் மண்ணு களிமண்தான், பைப் போட தோண்டின குழியை நிரப்ப போட்ட மணல்தான் கூழாச்சு. அதனால போர்ஹோல் ரிப்போர்ட்டை (துளை போட்டு மண்ணை சோதிச்ச அறிக்கை) மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, குழியை எதை வச்சு மூடப் போறாங்க, எவ்வளவு இறுக்கி கெட்டிக்கப் போறாங்கன்னும் கேளுங்க.