144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியும் ஆட்டம் இழுத்தது ஏன்?

பல மாதம் காசு சேர்த்து, செக்கனுக்கு 144 தடவை படம் மாற்றும் 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் ஒன்று வாங்கினேன். யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டில் ஆசையோடு பூட்டி வலோரன்ட் என்ற சுடும் ஆட்டத்தை விளையாடினால், பழையதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மனம் விட்டுப் போய்விட்டது.

திருநெல்வேலியில் கணினி திருத்தும் அண்ணா ஒருவரிடம் சொன்னேன். "தம்பி, விண்டோஸில எத்தனை ஹேர்ட்ஸ் கிடக்கு எண்டு பாத்தனீரோ?" என்றார். வீட்டுக்கு வந்து அட்வான்ஸ்ட் டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்தேன். 60 என்று இருந்தது. மாற்றலாம் என்றால் பட்டியலில் 75க்கு மேல் எதுவும் இல்லை.

குற்றம் வயரில்தான். பழைய மொனிட்டரின் எச்டிஎம்ஐ வயரையே இதிலும் செருகியிருந்தேன். பெட்டியோடு வந்த டிஸ்பிளேபோர்ட் கேபிள் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்து கிராபிக்ஸ் கார்டில் செருகினேன். மதர்போர்டில் செருகினால் கார்டு இருந்தும் பயனில்லை, அதைக் கவனியுங்கள். உடனே 144 வந்தது. 60 ஹேர்ட்ஸில் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை மாறும் படம், 144இல் 6.9 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை மாறுகிறது. மவுஸை அசைத்தபோதே கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறமும் ஆட்டத்தில் வேகமாகத் திரும்பினால் படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரிந்தது. ஆட்டத்துக்குள், படத்தை மொனிட்டரின் வேகத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் போட்டால் கிழிசல் போகும், ஆனால் சுடுவதில் தாமதம் வரும். அதனால் மொனிட்டரையே கார்டின் வேகத்துக்கு ஏற்ப மாற வைக்கும் ஜி-சிங்க்கை இயக்கி, கார்டு செக்கனுக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையான எஃப்பிஎஸ்ஸை 144ஐத் தாண்டாதபடி 138இல் கட்டுப்படுத்தினேன். தாமதத்தைக் குறைக்கும் ரிஃப்ளெக்ஸையும் போட்டேன். சரி, இப்போது இரண்டு தொல்லையும் இல்லை.

பிங், அதாவது இணையத்தில் தகவல் போய்வரும் நேரம், வேறு விஷயம். அதற்கு வைஃபையை விட்டு லான் கேபிள் இழுத்திருக்கிறேன்.