அம்மா வழி மைட்டோகாண்ட்ரியா: எங்கே சறுக்குகிறோம்?

செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கெனச் சிறிது டிஎன்ஏ வைத்திருக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வருகிறது என்பது சரிதான். அதற்குச் சொல்லும் காரணத்திலும், அதை வைத்து எடுக்கும் முடிவுகளிலும்தான் கோளாறு.

விந்தணுவின் வால் கருமுட்டைக்கு வெளியிலேயே கழன்றுவிடும், மைட்டோகாண்ட்ரியாவும் அதோடு போய்விடும் என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது வேறு. விந்தணுவின் தலைக்குக் கீழே, நடுப்பகுதியில், சில பத்து மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மனிதர் உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளில் அந்தப் பகுதியும் வாலும் முட்டைக்குள் நுழைகின்றன. அழிவு உள்ளே போன பிறகுதான். விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாக்கள்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டியிருப்பதை 1999இல் பீட்டர் சுட்டோவ்ஸ்கியின் குழு காட்டியது. செல்லில் அது 'இதை அப்புறப்படுத்து' என்று ஒட்டும் சீட்டு மாதிரி. இன்னொன்றும் உண்டு: முதிர்ந்த மனித விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையான டிஎன்ஏ ஏறக்குறைய இருப்பதே இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. முட்டையிலோ லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள்.

அடுத்த தவறு குடும்பங்களைக் காயப்படுத்தக்கூடியது: மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே அம்மா வழி என்று முடிவு கட்டுவது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் 37 மரபணுக்கள்தான். அவற்றில் புரதம் தருபவை 13. அது இயங்கத் தேவையான மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருபவை. பி.ஓ.எல்.ஜி. என்ற உட்கரு மரபணுவில் பிழை இருந்தாலும் மைட்டோகாண்ட்ரியா நோய் வரும். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் லீ நோய்க்கு இரண்டு வழியும் உண்டு. ஆகவே மரபணுப் பரிசோதனைக்கு முன்னால் அம்மாவைக் கைகாட்டுவது அறிவியல் இல்லை.

அம்மா வழிப் பிழை உறுதியானாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் வரும் என்று நினைக்கக் கூடாது. ஒரே செல்லில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் பழுதான பிரதியும் நல்ல பிரதியும் பல நேரம் கலந்திருக்கும். முட்டை உருவாகும்போது அந்த விகிதம் மாறிவிடும். அதனால் அக்கா நலமாக இருக்க, தம்பி நோயாளியாகலாம். அந்தத் தம்பி பிற்பாடு தன் பிள்ளைகளுக்கு அதைக் கடத்துவதில்லை. ஆண்களுக்கு இந்நோய் வராது என்பதும் பொய். அம்மா வழியில் வரும் லீபர் பார்வை நரம்பு நோய் ஆண்களையே அதிகம் தாக்குகிறது.

இன்றைய மனிதர் எல்லோருடைய மைட்டோகாண்ட்ரியாவும் அம்மா வழியில் போய்ச் சேரும் பழங்காலப் பெண்ணை 'மைட்டோகாண்ட்ரிய ஏவாள்' என்பார்கள். அவள் அக்காலத்தின் ஒரே பெண் அல்ல. மற்ற பெண்களின் மகள் வழி இடையில் அறுந்துபோனது, அவ்வளவுதான்.

கடைசியாக, 'எப்போதுமே அம்மாவிடமிருந்துதான்' என்று எழுதாதீர்கள். தசையில் அப்பாவின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இருந்த ஒரு நோயாளியைப் பற்றி 2002இல் மருத்துவக் கட்டுரை வெளியானது. மஸல் என்ற சிப்பி வகைகள் சிலவற்றில் மகன்கள் அப்பாவின் மைட்டோகாண்ட்ரியாவையும் பெற்று, அதைத் தங்கள் விந்தணு வழியே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கின்றன.