சட்டமூலத்தை எதிர்க்க இரண்டு வாரம்தான்

இலங்கைப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் நிறைவேறி, அது சட்டமாகிவிட்டது என்ற சான்றுரையில் சபாநாயகர் கையெழுத்திட்டுவிட்டால், அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. அரசியலமைப்பின் உறுப்புரை 80(3) அந்தக் கதவை அடைத்துவிட்டது. சாதாரண சட்டமூலத்துக்கு ஜனாதிபதியின் ஒப்பமும் தேவையில்லை. எனவே எதிர்ப்பதானால் முன்னரே எதிர்க்க வேண்டும்.

அமைச்சரவை, சட்டவரைஞர், சட்டமா அதிபர் என்ற கட்டங்கள் பெரும்பாலும் உள்ளேயே நடந்து முடியும். வர்த்தமானியைக் கவனியுங்கள். சட்டமூலங்கள் பகுதி II-இன் குறைநிரப்பியாக வரும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மும்மொழியிலும் கிடைக்கும். வர்த்தமானியில் வெளியாகிக் குறைந்தது 7 நாள் கழித்தே, பாராளுமன்றத்தின் அன்றைய அலுவல் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏற்றலாம். இந்த 7 நாளில் வாசித்து முடித்துவிடுங்கள். தமிழ் உரையை மட்டும் நம்ப வேண்டாம்: முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று கடைசி வாசகத்தில் வழக்கமாக எழுதியிருக்கும்.

ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் 14 நாளுக்குள், உறுப்புரை 121-இன் கீழ், கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) மனுச் செய்ய வேண்டும். எந்தப் பிரசையும் செய்யலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக உள்ள அமைப்பும் செய்யலாம். பலர் தவறவிடுவது, மனுவின் பிரதியை அதே நேரத்தில் சபாநாயகருக்கும் சேர்ப்பிப்பதை. பாராளுமன்றம் உள்ள கோட்டேக்கு ஓட ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

"சட்டமூலம் அநியாயமானது" என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. இந்த வாசகம் இந்த உறுப்புரையை மீறுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். சமத்துவத்துக்கு 12(1), பேச்சுச் சுதந்திரத்துக்கு 14(1)(அ).

நீதிமன்றம் 3 வாரத்துக்குள் முடிவைச் சொல்லும். முரண் இல்லையென்றால் சாதாரண பெரும்பான்மை போதும். முரண் இருந்தால் 225-இல் 150 வாக்கு. ஒற்றையாட்சி, மக்கள் இறைமை போன்ற, உறுப்புரை 83 காக்கும் ஏற்பாடுகளைத் தொட்டால், சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். இன்னின்ன திருத்தம் செய்தால் சாதாரண பெரும்பான்மை போதும் என்றும் சொல்லலாம். நடைமுறையில் மனுதாரருக்குக் கிடைக்கும் வெற்றி பெரும்பாலும் இதுதான்.

சட்டமூலத்தின் இரண்டாம் மதிப்பீட்டு (Second Reading) விவாதம் தொலைக்காட்சிக்கு நல்லது. ஆபத்து, வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில். அங்கே புதிதாக நுழையும் திருத்தத்தை எதிர்த்து மனுச் செய்ய வழியில்லை. நிகழ்நிலைக் காப்புச் (Online Safety) சட்டமூலம் 2024 ஜனவரி 24-இல் நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி முறையிட்டது. பெப்ரவரி 1-இல் சான்றுரை இடப்பட்டு, அது 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமாகிவிட்டது. குழுநிலைத் திருத்தங்களை நீதிமன்றத் தீர்மானத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, குறையிருந்தால் சான்றுரைக்கு முன்பே சபாநாயகருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.