ஸ்லெண்டர்: எட்டுத் தாள்களையும் எடுத்து முடிப்பது எப்படி?

மார்க் ஹாட்லி 2012இல் இலவசமாக வெளியிட்ட ‘ஸ்லெண்டர்: தி எய்ட் பேஜஸ்’ என்ற கணினி விளையாட்டில் ஆயுதம் கிடையாது, பாதியில் சேமித்து வைத்துவிட்டுப் பிறகு தொடரும் வசதியும் கிடையாது. இருண்ட காடு, ஒரு டார்ச், அங்கங்கே ஒட்டப்பட்ட எட்டுத் தாள்கள், கோட்டும் டையும் அணிந்து முகமே இல்லாமல் பின்தொடரும் ஒரு நெட்டை உருவம் ஆகியவை மட்டுமே இதில் உண்டு.

முதலில் அவனுடைய இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பார்வையில் இருக்கும்வரை அவன் நகர்வதில்லை. நாம் பார்க்காத நேரத்தில் இடம் மாறி வந்து நிற்பான். அதற்காக அவனைப் பார்த்துக்கொண்டே நிற்கவும் முடியாது, ஏனெனில் பார்க்கப் பார்க்கத் திரையில் புள்ளிகள் இரைச்சலோடு பெருகி, இறுதியில் ஆட்டமே முடிந்துவிடும். ஆகவே அவன் கண்ணில் பட்ட கணமே மவுஸை முழுவதுமாகத் திருப்பி, வந்த வழியை விட்டுவிட்டு வேறு திசையில் நடந்துவிட வேண்டும். பின்னால் வருகிறானா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் எனத் தோன்றும். என்னுடைய ஆட்டங்களில் பாதிக்கு மேல் முடிந்தது அந்த ஆசையால்தான்.

தாள்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடம் மாறினாலும், அவை இருக்கக்கூடிய இடங்கள் மாறுவதில்லை. பெரிய மரம், சுரங்க வழி, பாறைகள், டேங்கர் லாரி, சிலுவை வடிவில் நிற்கும் சுவர்கள் போன்ற அந்த இடங்களின் அமைப்பு மனத்தில் பதியும் வரை, வெற்றியைப் பற்றிக் கவலைப்படாமல் நான்கைந்து முறை சுற்றி வாருங்கள். காட்டைச் சூழ்ந்திருக்கும் கம்பி வேலியோரம் ஒதுங்கினால் திரும்பிச் செல்லும் வழி குறையும்.

கழிப்பறை போல ஓடு பதித்த கட்டடத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் குறுகிய அறைகளுக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த சுவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். டார்ச்சின் வட்டம் அதிலேயே அடங்கிவிடுவதால், மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது திரும்பிய பிறகே தெரியும். ஐந்தாறு தாள்களோடு அங்கே நுழைந்து, வாசலில் அவன் நின்றால் தப்புவது அரிது. தாள்கள் கூடக் கூட அவன் நெருங்கி வருவான் என்பதால், இந்தக் கட்டடத்தை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

ஷிஃப்ட் விசையை அழுத்தினால் ஓடலாம். ஆனால் எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்பதைத் திரையில் எந்த அளவுகோலும் காட்டாது என்பதால், தொடக்கத்தில் நடந்தே சென்று, ஓட்டத்தைக் கடைசித் தாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சின் பேட்டரியும் தீரக்கூடியதே. வழி நன்றாகத் தெரிந்த இடங்களில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி அதை அணைத்துவிடலாம். ஹெட்போன் அணிவது பயத்தைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆயினும் திரையைவிட முன்னதாக எச்சரிக்கை தருவது பெரும்பாலும் ஒலியே.

எட்டாவது தாளை எடுத்ததும் அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த ஒலி அடங்கிவிடும். சற்று நேரத்தில் அவன் வந்து பிடித்தே தீருவான். வென்றவர்களுக்கும் ஆட்டம் அப்படித்தான் முடிகிறது என்பதால், எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று எண்ணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.