மேல்மலைச் செம்மறிகளின் எலும்பைக் கையால் பார்ப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடிக்கும் முன், பட்டியில் இருக்கிற ஒவ்வொரு செம்மறியையும் பிடித்து வாயைத் திறந்து பாருங்கள், முதுகைத் தடவிப் பாருங்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் ஆடு வைத்திருப்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். ஆடு நொண்ட ஆரம்பித்த பிறகு எலும்பைப் பற்றி யோசித்தால் ரொம்பத் தாமதம். அதோடு, எலும்பு என்றதும் எல்லாரும் சுண்ணாம்புச் சத்தை மட்டும் நினைக்கிறோம், குடற்புழுவை மறந்துவிடுகிறோம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவுக்கூட்டம். 1930இல் அங்கே வாழ்ந்த மக்கள் வெளியேறினார்கள். 1932இல் பக்கத்துச் சோய்த் தீவிலிருந்து 107 செம்மறிகளைக் கொண்டுவந்து அதே கூட்டத்திலுள்ள ஹிர்டா தீவில் விட்டார்கள். தீவனம் போட ஆளில்லை, மருந்து கொடுக்க ஆளில்லை. 1985 முதல் ஆய்வாளர்கள் அவற்றின் காதில் அடையாளம் போட்டுப் பிறப்பு இறப்பு எல்லாம் குறித்துவருகிறார்கள். குளிர்கால முடிவில் புல் தீர்ந்துபோய், புழுவும் சேர்ந்துகொள்ள, சில வருஷங்களில் பாதிக்கு மேல் செத்துப்போகின்றன. நம் ஆட்டின் எலும்பை முக்கியமாகக் கெடுப்பதும் இதே இரண்டுதான்: தீனிக் குறை, புழு.

சரி, பார்க்கும் முறைக்கு வருவோம். செம்மறிக்கு மேல் தாடை முன்பக்கம் பல் கிடையாது, கீழே எட்டு வெட்டுப்பல். ஒன்று, ஒன்றரை வயதில் முதல் ஜோடி பெரிய பல் முளைக்கும், நாலு வயதுவாக்கில் எட்டும் சேர்ந்துவிடும். கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வயதுக்கு முன்பே பல் ஆடினாலோ ஈறு இறங்கியிருந்தாலோ அந்த ஆடு மேய்ந்து வயிறு நிறைக்காது, தீனியைத் தனியாக நறுக்கித்தான் போட வேண்டும். கடைவாய்ப் பக்கம் விரலை விடாதீர்கள், அறுத்துவிடும். வெளியிலிருந்து தாடையைத் தடவினால் போதும், கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குட்டிகளுக்கு விலா எலும்பு குருத்தெலும்போடு சேருகிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மணி கோத்த மாதிரி வரிசையாகப் புடைத்திருந்து, முன்னங்கால் முட்டிகள் இரண்டும் பெருத்து, கால் வளைந்திருந்தால் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு சரியாகக் கெட்டிப்படாத நோய், என்று சந்தேகப்படலாம். ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கியிருந்தால் அது வேறு, தொப்புள் வழியாகக் கிருமி ஏறியிருக்கலாம். நொண்டுகிற ஆட்டுக்கு முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள், ஈரத்தில் குளம்பழுகல் சுலபமாக வரும்.

அப்புறம் தீனி. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு. தவிட்டை மட்டும் அள்ளிப் போட்டால் எலும்பும் கெடும், கிடாக்களுக்குச் சிறுநீரில் கல்லும் அடைக்கும். கிக்குயு புல்லிலும் கால்சியம் குறைவு, இருப்பதையும் அதிலுள்ள ஆக்சலேட் பிடித்துக்கொள்ளும். அதனால் குளோவர், அகத்தி மாதிரி பயறுவகைத் தழை ஏதாவது கலந்தே ஆக வேண்டும். சினை ஆட்டை, அதிலும் கடைசி ஆறு ஏழு வாரத்தில், தனியாகக் கவனியுங்கள். குட்டியின் எலும்பு கெட்டிப்படுவது அப்போதுதான், தீனியில் கிடைக்காததைத் தாய் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

தாது உப்புக் கலவை வாங்கும்போது செம்மறிக்கென்று போட்டிருக்கிறதா என்று கட்டாயம் படியுங்கள். தாமிரம் குறைந்தால் குட்டியின் எலும்பு மெலியும், உண்மைதான், ஆனால் செம்மறியின் உடம்பு அதைச் சுலபமாக வெளியேற்றாது. மாட்டுக்கான கலவையைத் தொடர்ந்து கொடுத்தால் ஈரலில் தாமிரம் சேர்ந்து ஒருநாள் ஆடு செத்தே போகும்.

புழு குடலைப் புண்ணாக்கிப் பாஸ்பரஸ் உடம்பில் சேராமல் செய்கிறது. சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்து, அவர்கள் சொல்கிற மருந்தை எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். மூடுபனி விலகி வெயில் வந்தால் குட்டிகளைப் பட்டிக்குள் அடைத்து வைக்காதீர்கள், வைட்டமின் டி அந்த வெயிலில்தான் கிடைக்கும். அடர்ந்த உரோமம் வெயிலைத் தோலுக்கு விடாது, ஆகவே கத்தரிப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வைட்டமின் டி ஊசியை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள், அளவு மீறினால் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும்.

செத்த ஆட்டின் தாடையை எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் தொடவே தொடாதீர்கள், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காமல், உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.