ஆகாய கங்கை: இறங்கும்போதே செய்துவிடுகிற தவறு

போன மாதம் கொல்லிமலையில், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். ஈரப் புடவை காலோடு ஒட்டியிருக்க, கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்துப் படி மேலே நின்ற மகன், "இன்னும் கொஞ்சம்தாம்மா, வந்துட்டோம்" என்றான். அவர்கள் பாதிகூட ஏறியிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே படியில், இதே பொய்யை நானும் ஒரு நண்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஷூ, தொப்பி, தண்ணீர் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

அருவியைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது

மலைக்கோயில் என்றால் ஏறிப் போய் இறங்கி வருவதுதான் நமக்குப் பழக்கம். முடியவில்லையா, பாதியில் திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் மேலே இருக்கிறது. அருவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்குக் கீழே. படிக்கு அரை அடி என்று வைத்தாலே 500 அடி. லிஃப்ட் இல்லாத 50 மாடிக் கட்டடத்தை, குளித்து முடித்த பிறகு ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது மூச்சு வாங்காது. அதுதான் ஏமாற்றுகிறது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதையும் தொடைத் தசைதான் பிரேக் பிடித்து நிறுத்துகிறது. கீழே போய் நின்றதும் முழங்கால் தானாக நடுங்குவது அதனால்தான். அந்தக் காலோடு குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றால் தசை விறைத்துப் போகும்.

நண்பனிடம் பொய் சொன்ன அந்தப் பயணத்தில் நாங்கள் ஆறு பேர் போனோம். தரிசனம் முடித்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, இரண்டரை மணிக்குச் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினோம். ஏறும்போது ஒருவனுக்குக் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. உருண்டு திரண்ட சதையைக் கையால் தொட்டால் கல் மாதிரி இருந்தது. நீவிவிட்டால் பத்துப் படி ஏறுவான், மறுபடி பிடிக்கும். மேலே வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு, பனிமூட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினோம். அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இத்தனைக்குப் பிறகும், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் குழந்தை குட்டியோடு படியில் கால் வைக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

காலையிலேயே இறங்குங்கள். குளித்துவிட்டுச் சாமி கும்பிடுவதுதானே முறையும்கூட. கோயில் நடை சாத்தும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 200 படி இறங்கியதும் நின்று, திரும்பி 30 படி ஏறிப் பாருங்கள். அதிலேயே கால் கெஞ்சினால் மேலே போய்விடுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கிய பிறகு உட்காராமல், ஐம்பது படிக்கு ஒருமுறை, வாங்குவதற்கு முன்பே நில்லுங்கள்.

ஈர ஜீன்ஸோடு ஏறுவது

நனைந்த ஜீன்ஸ் முழங்காலை மடக்க விடாது. கீழேயே மாற்றிவிடுங்கள்.

மேலே பெய்கிற மழையை மறப்பது

அருவியில் விழுவது மலைமேல் ஓடிவரும் ஐயாற்றுத் தண்ணீர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வர ஆரம்பித்தாலோ, துண்டைத் தேடாதீர்கள். அந்த நொடியே கரையேறுங்கள்.

கையில் கேரி பேக்

குரங்குக்குத்தான் போகும்.

வயதானவர்களை வற்புறுத்தி இறக்குவது

"இவ்வளவு தூரம் வந்துட்டு அருவியைப் பாக்காம போறதா?" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். கேட்காதீர்கள். கோயிலருகே ஓடும் ஆற்று மீன்களை இங்கே சாமியாகவே பார்க்கிறார்கள். அறுத்த மீனை இறைவன் பொருத்தி உயிர் கொடுத்தார் என்பது தலபுராணக் கதை. மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு அவர்கள் நிழலில் நிம்மதியாக இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்குக் கடலை மிட்டாயும், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சொன்னார்: "நான் மேலயே இருக்கேன்னுதான் தம்பி சொன்னேன்."