கரும்புப் பூவைப் படமெடுக்க

மொரிஷியஸில் ஜூன், ஜூலையில் கரும்பு பூத்து நிற்கும். வெயில் நம் முதுகில் அடிக்க நின்று எடுத்தால் படத்தில் பூ வெறும் சாம்பல் நிறமாகத்தான் விழும். மாலை 5 மணியை ஒட்டி, சூரியன் பூவுக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள். ஒவ்வொரு இழையும் வெள்ளிக் கம்பியாய் மின்னும், அவ்வளவு அழகு! லென்ஸில் நேர்வெயில் படாமல் உள்ளங்கையால் மறையுங்கள்.

பின்னணியில் நிழல் விழுந்த மலை இருந்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, பூவை வெளுக்கடித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, 2/3 ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) குறையுங்கள். தென்கிழக்குக் காற்றில் கதிர் ஆடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகம் 1/500 நொடியை விட மெதுவானால் படம் கலங்கிவிடும். அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 400க்கு ஏற்றத் தயங்காதீர்கள்.

நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள். வெட்டு முடிந்ததும் அங்கேயே திரும்பப் போனால், கரும்பு மறைத்திருந்த கருங்கல் குவியல்கள் தெரியும்.